சந்தில் கொட்டிய மண்

புரட்டாசிச் சனிக்கிழமை. காலை எட்டரை மணிக்கு வில்லியனூரில் பாகூர்ப் பேருந்தில் ஏறினேன். கட்டணம் பதினைந்து ரூபாய். கல்லூரிப் பட்டிமன்றத்தில் எனக்குரிய தலைப்பு, வெள்ளம் இயற்கையின் சீற்றமா, மனிதரின் பிழையா என்பது. எந்த அணியில் அமர்த்தினாலும் வெல்வேன் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. சான்றுகள்தாம் குறைவு. அவற்றைத் தேடியே தென்பெண்ணைக் கரையிலுள்ள சோரியாங்குப்பத்துக்குப் புறப்பட்டேன்.

"பாகூர்ல எறங்கி ஷேர் ஆட்டோ புடிப்பா," என்றார் நடத்துநர். "மழைக்கு முன்னாடி வந்துட்ட. அப்பால வந்தா நீச்சல் தெரியணும்."

கரிக்கலாம்பாக்கம் கடந்ததும் இருபுறமும் கரும்பு. பாகூர் ஏரி பாதிகூட நிரம்பவில்லை. வெள்ளம் என்ற சொல்லே அந்த வெயிலில் பொருளற்றுத் தோன்றியது.

பத்து மணிக்கு, உடன் படிக்கும் செழியனின் வீட்டை அடைந்தேன். அத்தெருவில் வீடுதோறும் சுவரில் மார்பளவு உயரத்தில் பழுப்புக் கோடு ஒன்று ஓடுகிறது. வெள்ளையடித்தவர்கள்கூட அதை மட்டும் அழிக்காமல் விட்டிருந்தார்கள். சென்ற வெள்ளத்தில் ஆற்றுநீர் நின்ற மட்டம் அது. புதிதாகக் கட்டுவோர் அதற்கு ஓரடி மேலாக, மண் நிரப்பிப் பேஸ்மட்டத்தை, அதாவது வீட்டின் அடித்தளத்தை, உயர்த்துகிறார்கள்.

பக்கத்து மனையில் செழியனின் சித்தப்பா முருகன் அப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தார். இரு வீடுகளுக்கும் இடையே ஒரு சந்து; தெருவில் ஏறும் நீர் பின்புற வாய்க்காலுக்கு வடிய அது ஒன்றே வழி. மண் ஏற்றிய டிப்பர் அச்சந்தின் வாயில் நின்றது. லாரிக்கு முன்னால் செழியனின் தாயார் கலைச்செல்வி நின்றிருந்தார்.

"வூட்டை ஏத்து முருகா, வாணாம்னு சொல்லல. சந்த வுட்டுடு."

"சந்த வுட்டா மண்ணு சரிஞ்சிடும் அண்ணி. போன வாட்டி எம்பொண்ணத் தோள்ல தூக்கினு நின்னேன். மறுபடியும் நிக்கச் சொல்றியா?"

"அப்ப நான் நிக்கணுமா?"

கலைச்செல்வி என் பக்கம் திரும்பினார். "மேடையில பேசுற புள்ளன்னு செழியன் சொன்னானே, ஒரு நாயம் சொல்லுப்பா."

சொன்னேன். சந்தின் அடியில் சிமெண்ட் குழாய் பதித்து, அதன்மேல் மண் நிரப்பினால் சுவரும் நிற்கும், நீரும் வடியும் என்று படிப்படியாக நிறுவினேன். முருகன் தலையசைத்தார். குழாய் வாங்கிவரப் பாகூருக்குப் பைக்கில் கிளம்பினார். வாதம் வென்ற நிறைவோடு மோர் குடித்தேன்.

அவர் திரும்பும்வரை ஓட்டுநர் பொறுக்கவில்லை. "இன்னும் நாலு வூடு காத்துனு கீது," என்று சொல்லியபடியே லாரியின் தொட்டியைத் தூக்கினார். சந்து மேடாயிற்று. குழாயோடு வந்த முருகன் மண்ணைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு குழாயைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கலைச்செல்வி கத்துவார் என எதிர்பார்த்தேன். அவர் ஓட்டுநரிடம் சென்று தாழ்ந்த குரலில் கேட்டார்: "எங்க வாசலுக்கு முன்னாடி வரப்பாட்டம் ஒரு லோடு கொட்டுவியா? தெருத் தண்ணி இந்தாண்ட திரும்பாம இருந்தாப் போதும்."

எதிர்வீட்டு ராணி துணி பிழிந்துகொண்டிருந்தார். வயல் வேலைக்குப் போகும் அவருடைய வீடுதான் தெருவிலேயே தாழ்ந்தது. "இந்தாண்ட திரும்பாட்டி எந்தாண்ட திரும்பும் கலா?"

"நீயும் ஒரு லோடு சொல்லிடுடி."

"சொல்றேன். எனக்கு அப்பால வூடே இல்லியே. நான் யார் வூட்டுக்குத் தள்ளட்டும்?"

கலைச்செல்வி மண் கொட்டவேண்டிய இடத்தை ஓட்டுநருக்குக் காலால் கோடிட்டுக் காட்டினார். ராணி பிழிந்த புடவையை உதறிக் கொடியில் போட்டார். அதன் நுனி சுவரின் பழுப்புக் கோட்டைத் தொட்டது.

மாலை நாலரைக்கு ஆட்டோ கிளம்பியபோது எதிரே அதே டிப்பர் அடுத்த நடை மண்ணோடு வந்தது. சாலை குறுகியது, நாங்கள்தான் ஒதுங்கி அதற்கு வழிவிட்டோம். வில்லியனூரில் எங்கள் வீடும் உயர்ந்த மனையில்தான் இருக்கிறது. பெருமழையில் அப்பா வாசலில் நின்று, நம் வீட்டில் ஒரு சொட்டு நிற்கவில்லை என்பார். பட்டிமன்றத்துக்கு வேண்டிய சான்றுகள் கிடைத்துவிட்டன. ராணியின் கேள்வியை மட்டும் எந்த அணியின் பக்கத்திலும் சேர்க்காமல் தனியே எழுதிக்கொண்டேன்.