பாட்டோடு ஓடிய மகளுக்குப் பின்னால்

பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓடினால் களைப்புத் தெரியாது என்று என் மகள் சொன்னது உண்மைதான். பஸ் வருவதும் தெரியாது. இரண்டையும் நானே பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வுக்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தாள். தல்லாகுளத்தில் எங்கள் வீடு. விடிந்ததும் அழகர்கோவில் சாலையில் அவள் ஓடுவாள். நான் ஸ்கூட்டியில் பின்னால் போவேன். வாக்மேன் இல்லாத நாட்களில் புதூர் வருவதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். காதில் பாட்டு இருந்தால் புதூரைத் தாண்டியும் போவாள். இதை நான் மறுக்கவில்லை.

அன்று சாலையோர மண்ணில் ஓடிக்கொண்டிருந்தவள், தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு சாலைக்குள் ஏறினாள். பின்னால் டவுன் பஸ். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் கத்தினேன். பஸ் அவள் முழங்கையை உரசாத குறையாக ஒடித்துத் திரும்பி, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. அவள் தாளத்துக்குத் தலையை ஆட்டியபடி அதையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "ஏக்கா, அது உங்க புள்ளையா?"

"ஆமாண்ணே."

"காது கேக்காதா?"

"கேக்காது" என்றேன்.

"அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வாக்மேனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். பாட்டு இல்லாமல் ஓட முடியாது என்றாள். மறுநாள் டேப் ரிக்கார்டரை ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கட்டினேன். பாட்டும் கேட்கும், பஸ்ஸும் கேட்கும். இதில் என்ன தப்பு வரும் என்று நான் யோசிக்கவில்லை.

அது தேர்தல் நேரம். பாட்டுப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வரும் வண்டி என்றால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு சாலைக்கு வந்தார்கள்.

"எந்தச் சின்னம்க்கா?"

"இம்புட்டுக் காலைலயேவா ஓட்டுக் கேக்க வாரீங்க?"

"மாப்ள, இங்க பார்றா, வேட்பாளரே ஓடுது!"

மகள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். நானோ அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். ஓட்டுக் கேட்டேன் என்று யாராவது மொட்டைக் கடிதாசி போட்டால் விளக்கம் எழுதி மாளாது. டேப்பை அணைத்தேன்.

சாயங்காலம் அவளே சொன்னாள்: "வலது காதை விட்டுர்றேம்மா. பஸ்ஸு அந்தப் பக்கந்தான வருது. இடது காதுல மட்டும் மாட்டிக்கிறேன்." பீரோவைத் திறந்தேன்.

மறுநாள் காலை, பின்னாலிருந்து ஹாரன் அடித்துப் பார்த்தேன். திரும்பாமலே கையைத் தூக்கினாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி அடித்தேன். மறுபடியும் கை. அடுத்த முறை நின்றே விட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. கேக்குதான்னு பாத்தேன்."

"இப்படியே அடிச்சுக்கிட்டு வா. நெசமாவே பஸ்ஸு வந்து அடிச்சாலும் நீதான்னு நெனச்சு, கையைத் தூக்கிட்டு ஓடிருவேன்."

அதன் பிறகு நான் ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் பஸ் சத்தம் கேட்டால் கட்டைவிரல் தானாகப் பொத்தான் மேல் போய் உட்காரும். அழுத்த மாட்டேன். அவள் ஓரமாக ஒதுங்குவாள். அவள் ஒதுங்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை.