பூஜ்யத்துக்கு வாங்கிய பங்குகள்

வரிப் படிவத்தில் அண்ணியின் தொழிலை ‘ஏதுமில்லை’ என்று அண்ணன் எழுதியிருந்தார். முப்பது வருடத்துக்கு முன் வாங்கிய பங்குகளை விற்கப்போனபோது, அந்த ஏதுமில்லாதவரிடம்தான் ஓடிவந்தார். வாங்கிய விலைக்குச் சான்று இல்லையென்றால் விலை பூஜ்யம், விற்பது முழுக்க லாபம் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். அத்தனைக்கும் வரி கட்டினால் மாடியில் அறை கட்ட முடியாது.

“கம்பெனி பேர்ல ஒரு ரசீதும் இல்லடி!”

“நீங்க வாங்கினப்போ இந்தப் பேரே கிடையாது. பழைய கம்பெனி ரெண்டாப் பிரிஞ்சு, ஒரு பாதி இன்னொண்ணோட சேர்ந்துது. புதுப் பேர்ல தேடுறது, கல்யாணத்துக்கு முன்னாடியே என்னை உங்க வீட்டு விலாசத்துல தேடின மாதிரி.”

“பழசுதான் செத்துப்போச்சே?”

“செத்தா வாரிசு இருக்கும்ல?”

அந்தக் கம்பெனி காகிதங்களை எடைக்குப் போடச் சொல்லி, அது பிரிந்தபோதே அண்ணன் உத்தரவிட்டிருந்தார். அண்ணியோ அவர் சொன்ன பேச்சைக் கேட்பார்; கேட்பதோடு நிறுத்திக்கொள்வார்.

எடைக்குப் போடாமல் வைத்திருந்த பழைய ரசீதை அண்ணி எடுத்தார். கம்பெனி பிரிந்தபோது வந்த கடிதத்திலிருந்த விகிதப்படி பழைய விலையைப் பங்கிட்டார். ஒவ்வொரு பங்கையும் வாங்கிய விலையை, ஆடிட்டர் ஓர் எண்ணைக்கூட மாற்ற இடமில்லாதபடி, ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார்.