மச்சினன் கழுவித் தந்த சங்கு

சாத்தான்குளத்துக்குத் தெற்கே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. ஒரு காலத்தில் அது கடலடி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உளியும் சுத்தியலுமாக அங்கே போய்விடுவேன். குவாரி மேஸ்திரி முதலில் என்னைக் கல் திருட வந்தவன் என்று நினைத்தார். செத்த சிப்பிக்காக வருகிறேன் என்று தெரிந்ததும் இருந்த மரியாதையும் போய்விட்டது.

கல்லாகிப்போன சங்குகள் அங்கே ஏராளம். ஆனால் நான் எடுத்த ஒன்றின் முதுகில், படகடியில் ஒட்டி வளருமே அந்தக் கொட்டலசும் புழுக்கூடும் குட்டிச் சிப்பிகளும் அடுக்கடுக்காக ஒட்டி, சேர்ந்தே கல்லாகியிருந்தன. செத்த சங்கின் மேல் யார் முதலில் குடியேறினார்கள், யார் பிறகு வந்தார்கள் என்று வரிசையாகப் பார்க்கலாம். பல் டாக்டர் கழித்த ஊசியால் சுற்றியிருந்த கல்லை மழைக்காலம் முழுக்கச் சுரண்டினேன். படம் அனுப்பியதும், இதையே ஆராயும் பேராசிரியை ஒருவர் சென்னையிலிருந்து நேரில் வருவதாகச் சொன்னார். “மேல இருக்கிற அந்த ஒட்டுதான் சார் முக்கியம். உடையாம பாத்துக்குங்க.”

என் மச்சினனுக்குத் தூத்துக்குடியில் சங்குக் கடை. ஒருநாள் வீட்டுக்கு வந்தவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

“என்ன அத்தான், இவ்வளவு அசிங்கமா கெடக்கு?”

“அந்த அசிங்கத்தைப் பாக்கத்தான் அவங்க வாராங்க.”

“அழுக்கப் பாக்கவா மெட்ராஸ்லேர்ந்து வாராவ? சும்மா இருங்கத்தான்!”

சிரித்தான். புரிந்துகொண்டான் என்று நானும் நம்பினேன்.

ஒரு கல்யாணத்துக்கு நான் திருநெல்வேலி போன அன்று வந்து சங்கை எடுத்துப் போயிருக்கிறான். “தம்பி ஆசையா கேட்டான்” என்றாள் மனைவி. பேராசிரியை வருவதற்கு முந்தின நாள் திரும்பி வந்தது. ஒட்டியிருந்ததையெல்லாம் கொத்தி எடுத்து, ஆசிட்டில் முக்கி, எண்ணெய் தடவி, குளிப்பாட்டிய குழந்தை போல இருந்தது. வயிற்றில் என் பெயரை முதலெழுத்தோடு செதுக்கியிருந்தான். எழுத்துப்பிழை இல்லை, அந்தப் பெருமையை நான் மறைக்கமாட்டேன்.

பேராசிரியை சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாராட்டை வாங்கிக்கொள்ள மச்சினனும் வந்திருந்தான்.

“யார் க்ளீன் பண்ணது?”

“நாந்தான் மேடம்!”

“கொத்தினதெல்லாம் எங்க?”

“அந்தக் குப்பையா? கடைக்குப் பொறத்தால கெடக்கும்.”

உடனே காரில் கிளம்பினோம். கடைக்குப் பின்னால் இடுப்பளவுக் குவியல். அவன் இதுவரை கழுவிய எல்லாச் சங்குகளின் கொட்டலசும் அங்கேதான். கடலிலிருந்து நேற்று வந்ததும் கல்லில் கிடந்து வந்ததும் சமரசமாகக் கலந்து கிடந்தன. பேராசிரியை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினார். நானும் குந்தினேன்.

“இதுவா மேடம்? இதுவா?” என்று மச்சினன் கைக்கு அகப்பட்டதையெல்லாம் நீட்டினான். அவனுக்கு இது ஒரு விளையாட்டு.

வெயில் சாயும்போது அவரே ஒன்றை எடுத்தார். கட்டைவிரல் அகலம். அடியில் குவாரியின் மஞ்சள் கல், மேலே புழுக்கூடு, அதன் மேல் கொட்டலசு. வரிசை அப்படியே இருந்தது. “இது போதும் சார்” என்றார்.

“மண்ணா இருக்கே! குடுங்க மேடம், ஒரு நிமிசத்துல கழுவித் தாரேன்.”

அவன் நீட்டிய கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் அந்தக் கல்துண்டைக் கைக்குட்டையில் சுற்றி, பையில் வைத்து, காரில் ஏறித் தெருமுனை திரும்பும்வரை நான் பிடியை விடவில்லை. அத்தானுக்குத் தன் மேல் இவ்வளவு பாசமா என்று மச்சினன் நெகிழ்ந்துபோனான்.