சாப்பிட்டுச் சேர்த்த முன்பணம்

போன ஞாயிற்றுக்கிழமை கிடர்பூர் போய், ஒரு மனிதரிடம் 'உங்களுக்கு மனை இல்லை' என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இந்த வாரம் வேறு ஏதாவது தமாஷாக எழுதலாமே என்று உட்கார்ந்தேன்... வரவில்லை. தமாஷை எதிர்பார்த்துப் பக்கத்தைப் புரட்டியவர்கள் மன்னிக்க வேண்டும்.

அந்த மனிதரின் பெயர் வைத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயர் அதில்லை. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றிவிடச் சொன்னார். கல்கத்தாத் தமிழர்களுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் ஆள் தெரிந்துவிடும் — அது வேறு விஷயம்.

வைத்தி கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் சரக்குக் குமாஸ்தா. குடியிருப்பதும் அங்கேயேதான். மாடியில் ஒரே அறை, கீழே நிலக்கரி டிப்போ. காலையில் வெள்ளை வேஷ்டியாக உலர்த்தினால் சாயங்காலம் சாம்பல் வேஷ்டியாக எடுக்கலாம். வேஷ்டியையாவது மறுபடி துவைத்துக்கொள்ளலாம். நெஞ்சுக்குள் போகிற கரியை என்ன செய்வது? அவர் மனைவி தங்கத்துக்கு இழுப்பு. படுத்தால் மூச்சு வராது, உட்கார்ந்தபடியே தூங்குகிற பெண். வைத்தியம் பார்த்த டாக்டர் பாபு ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: மருந்தால் ஆகிறது கொஞ்சம்தான், கரி இல்லாத இடத்துக்கு அழைத்துக்கொண்டு போ, இல்லாவிட்டால் அதிக நாள் தாங்காது என்று.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குத் தெற்கே டாக்குரியாவில் நிலம் விலைக்கு வந்தது. ஏரி வெட்டிய மண்ணைக் கொட்டி மேடு பண்ணிய இடம். சுற்றிலும் தென்னையும் வாழையும், எங்கே திரும்பினாலும் காற்று. நிலத்துக்குச் சொந்தக்காரரான ஜமீன் வீட்டுப் பாபு, ஆறு மனையையும் சேர்த்துத்தான் விற்பேன் என்றார். தனி மனை கேட்டால் எங்கள் கைக்கு எட்டாத விலை. ஆகவே ஆறு தமிழ்க் குடும்பங்கள் கூட்டுச் சேர்ந்தோம். பாங்கில் ஹெட் அக்கவுண்டண்டாக இருக்கும் சேஷன்தான் தலைவர். ஆளுக்கு இவ்வளவு முன்பணம், அதை இன்ன மாதத்துக்குள் கட்ட வேண்டும் என்று வகுத்தவர் அவர். ஆறு பேரில் நானும் ஒருவன். பாலிகஞ்சில் இரண்டு குடித்தனத்துக்கு ஒரே குழாய் என்ற வீட்டில் வாடகைக்கு இருக்கிறவனுக்குச் சொந்த மனை என்றால் சபலம் தட்டாதா?

எங்களுக்கெல்லாம் முன்பணம் எப்படியோ புரண்டது. நகையை வைத்தவர் உண்டு, மாமனாருக்கு எழுதியவர் உண்டு. வைத்திக்கு இரண்டும் இல்லை. சம்பளம் வாடகைக்கும் மருந்துக்கும் சரியாகப் போயிற்று. மேல்வரும்படி வேண்டும்.

அவர் முயலாதது இல்லை. சாயங்காலத்தில் ஒரு மார்வாரி வீட்டுப் பையனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். பையன் பாஸ் பண்ணியதும் டியூஷன் நின்றுபோயிற்று. காப்பிக்கொட்டை தருவித்து வறுத்து அரைத்து விற்றார். பாதி கடனாகவே போயிற்று; எங்கள் ஜனங்கள் காப்பியைச் சூடாகக் குடிப்பார்கள், காசை ஆறப்போட்டுத்தான் கொடுப்பார்கள். பிறகு இன்ஷூரன்ஸ் ஏஜென்சி எடுத்தார். சாவைப் பற்றிப் பேச வருகிறவரை யார் உள்ளே விடுவார்கள்? ஒரு பாலிசிகூட விற்கவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடுகளில் யாராவது இறந்தால் பதினோராம் நாள் ஒரு பிராமணரைக் கூப்பிட்டு, இறந்தவராகவே அவரை பாவித்து, உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும். அவர் சாப்பிடுவது போனவர் சாப்பிடுவது. குடை, செருப்பு, சொம்பு, துணி, கனமான தட்சிணை எல்லாம் கொடுப்போம். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பின்னாலேயே வீட்டை அலம்பிவிடுவோம். இந்தச் சாப்பாடு சாப்பிடுகிறவருக்கு 'சவுண்டி' என்று பெயர். அதை வசவாகவும் உபயோகிக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டோம், எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவர் இல்லாமல் நம் அப்பா கரையேற மாட்டார் என்றும் நம்புவோம். இதிலே ஏதாவது நியாயம் இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை.

ஊர்ப்பக்கம் இதற்கென்றே ஆள் இருப்பார்கள். கல்கத்தாவில் எங்கே போவது? எங்களுக்கெல்லாம் வைதிகம் செய்துவைக்கிற சாஸ்திரிகள் தேடித் தேடி அலுத்து, கடைசியில் வைத்தியிடம் வந்தார். யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்தாராம். வைத்தி யோசித்தார். மேலே தங்கத்தின் இழுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சரி என்றுவிட்டார்.

எல்லோரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காசு சேர்ப்பார்கள். வைத்தி சாப்பிட்டுச் சேர்த்தார். கிடைத்த குடையையும் சொம்பையும் வருகிற வழியிலேயே கிடர்பூர் பஜாரில் விற்றுவிடுவார். வீட்டில் கேட்டால் ஓவர்டைம். ஜுரம் பரவிய வருஷத்தில் அவருடைய முன்பணம் மளமளவென்று வளர்ந்தது... இதை எழுதவே கை கூசுகிறது.

என் அப்பா இங்கேதான் காலமானார். பதினோராம் நாள் கொல்லைப்பக்கமாக ஓர் ஆளைச் சாஸ்திரிகள் அழைத்துவந்தார். நிமிர்ந்து பார்த்தால் — வைத்தி! இருவருமே பார்வையைத் தாழ்த்திக்கொண்டோம். அவர் காலை நான் கழுவினேன். அப்பா என்று நினைத்துக்கொள் என்றார் சாஸ்திரிகள், நினைத்தேன். அப்பாவைப்போலவே இலைமேல் குனிந்து சாப்பிடுகிறார் என்று எனக்குப் பட்டது. துக்கத்தில் இருக்கிற கண்ணுக்கு எதுதான் தோன்றாது? அவருக்கு நான் பட்ட கடன் பெரிது என்று அன்றைக்கு மனதார எண்ணினேன்.

இந்த விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். சென்ற மாதம் சேஷன் வீட்டில் கூடினோம். வைத்தியைத் தவிர ஐந்து பேர். அவர் முன்பணத்தை முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். சேஷன் மெல்ல ஆரம்பித்தார்: வைத்தி விஷயம் உங்களுக்கெல்லாம்... என்று. ஒருவர் தொண்டையைக் கனைத்தார். இன்னொருவர் விசிறியை எடுத்தார். யாரும் 'என்ன விஷயம்?' என்று கேட்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. ஐந்து வீட்டிலும் அவர் சாப்பிட்டிருக்கிறார்.

நான் சும்மா இருக்கவில்லை. நாம்தானே கூப்பிட்டோம், நாம் கொடுத்த தட்சிணைதானே இந்தப் பணம் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். சேஷனுக்கு ஒரே பிள்ளை, காலேஜில் சேர்ந்த வருஷமே ஜுரத்தில் போய்விட்டான் என்பதை அந்த வேகத்தில் மறந்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஆமாம், நான்தான் கூப்பிட்டேன். எம்பிள்ளையா உட்கார்ந்து சாப்பிட்டார். திரும்பிப் பார்க்காம போங்கோன்னு அனுப்பிச்சேன். தெருக்கோடி வரைக்கும் அந்த முதுகைப் பார்த்துண்டே நின்னேன். இனிமே தினம் காலம்பற அதே முதுகு பக்கத்து வீட்லேருந்து ஆபீசுக்குப் போறதை நான் பார்க்கணுமா? என்னால முடியாது, சார்."

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

சேஷனுக்கு ஒரு காரணம் இருந்தது. மற்றவர்களுக்குச் சேஷனின் காரணம் கிடைத்தது. கிரகப்பிரவேசத்துக்கு அவரைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா, பெண்களுக்கு வரன் வரும்போது அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களே என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆறாவது மனைக்குத் தாமே பாங்கில் கடன் வாங்கிப் பணம் கட்டிவிடுவதாகச் சேஷன் சொன்னார். பேசத் தெரிந்தவர், பத்திரிகையில் எழுதுகிறவர் என்று சொல்லி, வைத்தியிடம் போய்ச் சொல்லுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். அவர் கட்டிய முன்பணத்தை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். சொல்லாமல் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டேன். பிறகு போனேன்.

தங்கம் காப்பி கொடுத்தாள். ஒரு வாய் பேசினால் ஒரு மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இருந்தாலும் முகத்தில் சந்தோஷம். முன்பணம் கட்டியாகிவிட்டது என்று வைத்தி சொல்லியிருக்கிறார் போலும்.

"அங்கே காத்து எந்தப் பக்கத்துலேருந்து வரும், அண்ணா?" என்று கேட்டாள்.

ஏரிப் பக்கத்திலிருந்து வரும் என்றேன். ஜன்னலை அந்தப் பக்கமாக வைக்கச் சொல்லவேண்டும் என்றாள். டம்ளரைக் கீழே வைத்தேன். கொஞ்சம் கீழே வாருங்கள் என்று வைத்தியை மட்டும் அழைத்துக்கொண்டு இறங்கினேன்.

கரிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றபடி சொல்லிமுடித்தேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. வைத்தி கவரை வாங்கிக்கொண்டார், பிரிக்கவில்லை. சேஷன் சொன்னாரா என்று மட்டும் கேட்டார். சேஷன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்காக உட்கார்ந்த அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை. ஆனா கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவர் எதிர்க்க நின்னு பார்த்துண்டிருந்தாரே, பாவம்" என்றார்.

அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். கோபம் வரவில்லை. தங்கத்திடம் மட்டும் காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள், நிலக்காரப் பாபு விற்க மறுத்துவிட்டார் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார். அவளுக்கு இது தெரிந்தால் தாங்க மாட்டாள் என்றார்.

மாடிப்படியில் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. நான் மறந்து வைத்துவிட்டு வந்த மேல்துண்டை எடுத்துக்கொண்டு தங்கம் பாதிப் படி இறங்கியிருந்தாள். எப்போது வந்தாளோ. எவ்வளவு கேட்டாளோ. அங்கேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுண்டிருக்கார்" என்றாள், என்னிடம். "அன்னிக்கெல்லாம் ராத்திரி பசிக்கலைம்பார். மறுநாள் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, தோஷம் போக்கிக்கறவா மாதிரி காயத்ரி ஜபம் பண்ணிண்டே உட்கார்ந்திருப்பார். ஓவர்டைம் பார்த்துட்டு வந்தவா அப்படியா ஜபம் பண்ணுவா?"

மூச்சு வாங்கினாள். நாங்கள் காத்திருந்தோம்.

"வேண்டாம்னு நான் சொல்லியிருக்கணும். ஒரு வார்த்தை சொன்னா விட்டிருப்பார். எனக்கு மூச்சு விடணும்னு இருந்தது, அண்ணா. அதனால கேக்கலை."

வைத்தி அவளைப் பார்க்கவே இல்லை. கவரை மடியில் செருகிக்கொண்டு, படியேறிப் போய், அவள் தோளைப் பிடித்து மெல்ல மேலே அழைத்துப்போனார். படியில் கிடந்த துண்டை நான் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டிராமில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த வங்காளி கிழவர், வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரித்தார். இல்லை, வீடு வாங்குகிறோம் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

நீங்கள் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். இவ்வளவு எழுதுகிறாயே, உன் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாயா? வாங்கவில்லை. என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, நம் மனை கிழக்குப் பார்த்ததுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வியாழக்கிழமை டாக்குரியாவில் ஐந்து வீட்டுக்கும் பொதுவாகக் கிணறு தோண்டினார்கள் — தண்ணீர் நன்றாக இருக்கிறதாம்.