மாலை போடக் கூடாத படம்

சுதந்திரத்தையே வருஷத்துக்கு மூன்று தடவை கொண்டாடுகிற ஊர் நம்முடையது. ஆகஸ்ட் பதினைந்து, மறுநாள் பதினாறு, அது போதாதென்று நவம்பர் ஒன்று. அப்படிப்பட்ட புதுச்சேரியில் ஈழத்தில் கொல்லப்பட்டவர்களுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கினால் குடியா முழுகிவிடும் என்று கேட்டார் எங்கள் ஊர்க் கட்சிக்காரர் உலகநாதன். பாகூர்ப் பக்கம் பிளக்ஸ் வைக்காமல் ஒரு குழந்தைக்கும் காது குத்துவதில்லை. அந்தப் பிளக்ஸ்களில் பாதியில் சிரித்துக்கொண்டிருப்பவர் அவர். ஈழப் போர் முடிந்த மே பதினெட்டை அரசே இனப்படுகொலை நினைவு நாளாக அறிவிக்க வேண்டும் என்று மனு கொடுத்திருந்தார். கோரிக்கையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் எகத்தாளமெல்லாம் உலகநாதன் மேல்தான்.

மனுவுக்கு வலு சேர்க்கக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு ஓர் ஈழத்துக்காரர் வேண்டும். எங்கள் தெருவிலேயே தனக்கொடி அக்கா இருந்தார்.

அக்கா முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவர். பதினைந்து வயதில் சித்தியோடு படகேறி அகதியாக வந்து, எங்கள் ஊர்க் கரும்பு வெட்டும் நடேசனைக் கட்டிக்கொண்டார். பனித்திட்டுக் கடற்கரையில் மீன் எடுத்து பாகூரில் விற்கிறார். பேச்செல்லாம் எங்கள் பேச்சாகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் அந்த ஊர்த் தமிழ் எட்டிப் பார்க்கும். அப்பாவும் அம்மாவும் கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து செத்தார்கள். தம்பி தவராசன் கையைத் தூக்கிக்கொண்டு பட்டாளத்து பஸ்ஸில் ஏறினான். ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

உலகநாதன் படம் கேட்டு வந்தபோது மூன்றையும் எடுத்துக் கொடுத்தார் அக்கா.

"அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாலையப் போடு, வெளக்க ஏத்து. அவுங்களுக்கு ஒரு நாள் வேணும்னுதான் நானும் கேக்கறேன். ஆனா தம்பிக்கு மால, வெளக்கு எதுவும் கூடாது. அவன் படம் சும்மா இருக்கட்டும்."

"இன்னாக்கா நீ, இதக்கூடவா எனுக்குச் சொல்லணும்?" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார் உலகநாதன். அவர் நெஞ்சில் கை வைத்தாலே எனக்குப் பயம்.

மே பதினெட்டு அந்த வருஷம் முகூர்த்த நாளாகப் போய்விட்டது. மைக் செட்டும் நாற்காலியும் கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டன. அதனால் மே பதினெட்டை அறிவிக்கச் சொல்லும் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. அரசு மட்டும் தேதி தவறக் கூடாதாம்!

மேடைக்குப் பின்னால் பிளக்ஸ். அதில் ஒன்றரை ஆள் உயரத்துக்கு உலகநாதன் கும்பிட்டுக்கொண்டு நின்றார். செத்தவர்கள் எங்கே என்று தேடினால், கீழே மேஜைமேல் அக்கா கொடுத்த மூன்று படங்கள் இருந்தன. மூன்றுக்கும் முன்னால் மூன்று விளக்கு எரிந்தது. வில்லியனூரிலிருந்து தாமதமாக வந்த கட்சித் தலைவர் கையில் யாரோ மூன்று மாலையைத் திணிக்க, அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டே மூன்று படத்துக்கும் போட்டுவிட்டார்.

அக்கா மேடையேறினார். உலகநாதன் குனிந்து காதோரம் சமாதானம் சொன்னார்: "ஒரு படத்த மட்டும் மொட்டையா வுட்டா நல்லாவாக்கா இருக்கும்?"

அக்கா தம்பி படத்திலிருந்து மாலையைக் கழற்றினார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பிளக்ஸ் கட்டியிருந்த சவுக்குக் கட்டையில் அதை மாட்டினார். மாலை உலகநாதனின் படத்துக்குக் கழுத்தோடு கழுத்தாகப் பொருந்தித் தொங்கியது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உலகநாதன் மனைவி விஜயராணி அலறிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தார்.

"அடிப்பாவி! கல்லாட்டம் நிக்கிற மனுசன் படத்துக்கு மாலையப் போடறியே! எடுடி அத!"

"உன்ர புருசன் உன்ர கண்ணுக்கு முன்னால நிக்கிறார். அதுக்கே இந்தப் பதறு பதறுறாய்" என்றார் அக்கா. "என்ர தம்பி செத்ததை ஆர் கண்டது?"

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது ஊருக்கே கேட்டது. நாற்காலியை மறந்து உலகநாதன் எகிறி எகிறிப் பார்த்தும் மாலை எட்டவில்லை. தன் படத்தின் கழுத்துக்குத் தானே குதிக்கிற மனிதரைப் பார்த்துச் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

விஜயராணி அந்த நாற்காலியில் ஏறிக் கணவனின் மாலையைக் கழற்றிக் கீழே போட்டார். திட்டித் தீர்க்கப் போகிறார் என்றுதான் நினைத்தோம். மேஜை முன்னால் நின்று தவராசன் படத்தையே பார்த்தார். பிறகு தன் தலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, அவன் முன்னால் எரிந்த விளக்கை அதனால் மெல்ல அணைத்தார்.

அப்பா அம்மாவின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.