புகை நின்ற பிறகு

“அம்மா, புகை நின்னுட்டா நெருப்பு நல்லதாயிருமா?”

ஆறு வயது பொன்செல்வி ஒருநாள் கேட்டாள். “ஆமாட்டி” என்றாள் தாய் சங்கரேஸ்வரி. சங்கரன்கோவிலில், போன ஆடியில் நடந்தது இது. நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

பக்கத்து வீட்டுப் பிரம்மநாயகிக்குப் பிள்ளை இல்லை. குப்பையைத் தரம் பிரித்து நகராட்சி வண்டியில் போடுவாள். கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பொன்செல்வியின் நெற்றியில் இடுவாள். பிள்ளையும் அவளிடமே ஒட்டிக்கொண்டது. சங்கரேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. பால் கவர், பிய்ந்த செருப்பு, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் எண்ணெய் டின்னில் போட்டு, பிரம்மநாயகியின் ஜன்னலுக்கு நேராகக் கொளுத்துவாள்.

“பிள்ள இருமுதுட்டி. குப்பைய வண்டியில குடுத்துரேன்” என்பாள் பிரம்மநாயகி.

“என் பிள்ளய எனக்குப் பாக்கத் தெரியும்க்கா. ஒங்க சோலியப் பாருங்க.”

அன்று காலை பிரம்மநாயகி கணவரோடு ஆட்டோவில் ஏறினாள். ‘எங்கயோ மினுக்கிட்டுப் போறா.’ எரிச்சலில் டின் நிறையக் கொளுத்தினாள் சங்கரேஸ்வரி. ஆடிக்காற்று பொறியை அள்ளி வீசியது. மதியம் புகை அடங்கியதும், வெறும் கங்குதானே என்று டின்னை வீட்டுக்குள் இழுத்து வைத்தாள். காற்றுக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினாள். பிள்ளையைக் குளிப்பாட்டி, கூடவே படுத்தாள்.

மணி 2.40.

டக்... டக்...

“ஏட்டி சங்கரி, கதவத் திற.”

பிரம்மநாயகியின் குரல்.

‘வந்துட்டா, என் பிள்ளயக் கொஞ்ச.’ அவள் எழவில்லை. தலை கனத்தது. புகையே இல்லை... ஏன் இப்படி...

டக். டக். டக்.

“பிள்ளயத் தூக்குட்டி!”

இப்போது குரல் கட்டிலருகே.

திரும்பினாள். யாருமில்லை.

பொன்செல்வி அசையவில்லை.

நெற்றியில்... ஈரப் புற்றுமண்.

கால் மடங்கியது. தவழ்ந்தாள். பிள்ளையை இழுத்தாள்.

தாழ்ப்பாள்...

காற்று.

பிள்ளை இருமியது.

எதிர்வீட்டுக் கதீஜம்மாள் ஓடிவந்தாள்.

“யாரு... கதவத் தட்டுனது?”

“ஒருத்தரும் வரலயே! நான் வாசல்லதான இருக்கேன்.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: “கங்குலருந்து வார கார்பன் மோனாக்சைடு. கண்ணுக்கும் தெரியாது, வாடையும் கிடையாது. பத்து நிமிஷம் பிந்தியிருந்தா ரெண்டு பேரும் இல்ல.”

மறுநாள் வீடு திரும்பினால், பக்கத்து வீட்டு வாசலில் பந்தல். பிரம்மநாயகியின் கணவர் கைலாசம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

“நெஞ்சுவலின்னு திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போனேம்மா. நேத்து ரெண்டேகாலுக்கு உயிர் போயிட்டு. பொன்செல்விக்கு இருமல் நிக்கணும்னு அம்மன் பிரகாரத்த நூத்தியோரு ஆடிச்சுத்து சுத்துறதா நேர்ந்திருந்தா. முப்பத்தேழு பாக்கின்னு அதையே சொல்லிட்டுக் கெடந்தா...”

சங்கரேஸ்வரி வீட்டில் அதன்பின் குப்பை எரியவில்லை.

மூன்றாம் நாள் விடியலில், வீட்டில்கூடச் சொல்லாமல் சங்கரேஸ்வரி கோயிலுக்குப் போனாள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாகப் பிரகாரத்தைச் சுற்றினாள். முப்பத்தேழு சுற்று. யார் பேருக்கு என்று அம்மனிடம் மட்டும் சொன்னாள்.