நோகாத கட்டி

யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் சோதனைச் சாவடி இருந்தது. வழக்கமாகப் பையை மட்டும்தான் பார்ப்பார்கள். அன்று புதிதாக வந்திருந்த பெண் பொலிஸ் என் உடம்பைத் தடவினாள். இடது மார்பில் அவள் கை நின்றது.

"மே மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் அதட்டினாள். எதையோ ஒளித்திருக்கிறேன் என்று நினைத்துத் திரைக்குப் பின்னால் சட்டையைக் கழற்ற வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டியைக் கண்டதும் அவள் முகம் மாறியது. "டொக்டர்ட்ட போங்க" என்றாள் அரைகுறைத் தமிழில்.

அந்தக் கட்டியை ஆறு மாதமாக எனக்குத் தெரியும். மச்சாளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "நோகாட்டி ஒண்டுமில்லை. இதைப்போய் ஆம்பிளை டொக்டரிட்டக் காட்டப்போறீரோ?" என்றாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

"புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில பெரும்பாலும் நோகாது. அப்பவே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம்" என்றார் டொக்டர். மார்பையே எடுத்தார்கள். மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள்.

டொக்டருக்குக் காட்ட வெட்கப்பட்டதை, என்னைச் சந்தேகப்பட்டவள் கண்டுபிடித்தாள். அவள்மீதும் கோபம் தீரவில்லை, என்மீதும் தீரவில்லை.

இப்போது மாதமொருமுறை கதவைப் பூட்டிவிட்டு நானே என்னைச் சோதிக்கிறேன். மச்சாளையும் விடுவதில்லை.

"எனக்கு ஒண்டும் நோகேல்லையே" என்பாள்.

"அதாலதான் பாக்கச் சொல்லுறன்" என்பேன்.